பத்து சீட்டும் ஃபுல்

காலை எட்டரைக்கெல்லாம் ஆரப்பாளையத்தில் வேனின் பத்து சீட்டும் நிறைந்துவிட்டன. ஓட்டுநரே இல்லாமல் தானாக ஓடும் வண்டிக்குள் ஜனம் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த ஜேசுராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

இருக்காதா பின்னே? ஐந்து நாளாக அந்த வேன் அழகர்கோவிலுக்குக் காலியாகவே போய், காலியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. இன்று தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வருகிறார்கள். இன்றும் காலி என்றால் திட்டத்துக்கு மூடுவிழா, அவன் வேலைக்கும் சேர்த்துத்தான்.

கம்ப்யூட்டருக்குள் மதுரையையே உருவாக்கி, அதில் நாற்பது வேன்களை ஓடவிட்டுச் சிமுலேஷன் செய்து பார்த்தவன் அவன். திரையில் கூட்டம் அலைமோதியது. தெருவிலோ ஜனம் வேனை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டது.

காரணத்தை நேற்றுதான் ஷேர் ஆட்டோ ஓட்டும் காளை போட்டு உடைத்தார்.

"காலி வண்டியில எவன் சார் ஏறுவான்? ஆள் சேர்ற வரைக்கும் கெளம்பாதுன்னு நெனப்பான். நாங்க ரெண்டு பேர சும்மா உள்ள உக்கார வச்சுருவோம். அதப் பாத்து மத்தவன் தன்னால ஏறுவான்."

"இம்புட்டுதானாண்ணே?"

"இம்புட்டுதான்."

ஜேசுராஜ் உடனே சிமுலேஷனில் வேனுக்கு இரண்டு பேரை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தான். நாற்பது வேன்களும் நிரம்பி வழிந்தன. அந்த அறிக்கையை மேலாளர் கனகலட்சுமிக்கு அனுப்பிவிட்டு, அவருக்குத் தெரியாமல் மச்சினன் ஆன்றோவையும் அவன் கூட்டாளி ஒருவனையும் பிடித்து, நாள் முழுக்க வேனைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி இன்று ஏற்றிவிட்டான்.

அவர்கள் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, மேலும் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து வரிசையாக ஏறினார்கள். சன்னலோர சீட்டுக்குக்கூடச் சண்டை இல்லை. நம்ம ஜனத்துக்கு இவ்வளவு ஒழுங்கா என்று ஜேசுராஜ் பூரித்துப்போனான்.

பைக்கில் வேனுக்குப் பின்னாலேயே போனான். அழகர்கோவில் நிறுத்தத்தில் தலைமை அலுவலகத்து ஆட்கள் இருவரோடு கனகலட்சுமி காத்திருந்தார்.

"பாத்தீங்களா சார், வண்டி ஃபுல்லு!" என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னவர், ஜேசுராஜின் தோளில் தட்டினார். "நேத்து நீ அனுப்புன ரிப்போர்ட்ட வரி விடாமப் படிச்சேம்ப்பா. பிரமாதம்."

"சிமுலேஷன் பொய் சொல்லாது மேடம்" என்றான் ஜேசுராஜ், கொஞ்சமும் கூசாமல்.

வேன் நின்றது. கதவு தானாகத் திறந்தது.

யாரும் இறங்கவில்லை. ஆன்றோவும் கூட்டாளியும் சொன்ன சொல் மாறாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற எட்டுப் பேரும்கூட இடத்தைவிட்டு அசையவில்லை.

தலைமை அலுவலகத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜேசுராஜ் பதறிப்போய் வேனுக்குள் தலையை நீட்டினான்.

"கோயில் வந்துருச்சு, எறங்குங்க! எறங்குங்கம்மா!"

முன் சீட்டில் இருந்த பெண் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் தோளுக்கு மேலாகக் கனகலட்சுமியை எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்:

"ஏறி உக்காரத்தானே சொன்னீக மேடம், எறங்கவும் செய்யணுமா?"