முழுவதும் நகலெடுக்கப்பட்டது

"செத்துப்போச்சா அது?" என்று திரையைக் காட்டிக் கேட்டார் அபோரோசா.

சாகவில்லை. இந்தக் கட்டளைக்கு வாய் கிடையாது, அவ்வளவுதான். ஒரு டிஸ்கை இன்னொரு டிஸ்கில் அப்படியே நகலெடுக்கச் சொன்னால் முடியும்வரை மூச்சு விடாது. திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து ஒரு சமிக்ஞை அனுப்பினால், இதுவரை எவ்வளவு ஆனது என்று ஒரு வரி துப்பும்.

அனுப்பினேன். துப்பியது. நாற்பத்தொரு ஜிபி.

"அப்படி வா வழிக்கு," என்று ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். உருளைக்கிழங்குக் கறி வாசனை விசைப்பலகை வரை வந்தது.

அபோரோசா எங்கள் பெண்கள் காப்பகத்தின் புதுத் தலைவர். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

அடிக்கும் கணவன்மாரிடமிருந்து தப்பி வந்த இருபத்தாறு பெண்களை, பிஜித் தீவுகளில் சூவாவிலிருந்து லம்பாசா வரை எந்தெந்த வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறோம் என்பது ஒரே ஒரு டிஸ்கில் இருக்கிறது. அதற்குப் பிரதி கூடாது என்பது பழைய நிர்வாகம் போட்ட விதி. இன்று மத்தியானம் அவர் அதை ரத்து செய்தார். பாதுகாப்புக்காம்.

அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி மிலிகா. அபோரோசாவின் தம்பி மனைவி. போன மாதம் எங்களிடம் வந்தபோது அவள் இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

தம்பி வாசலில் காரில் உட்கார்ந்திருந்தான். மழையிலும் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே போட்டிருந்தான்.

முடியாது என்றுதான் முதலில் சொன்னேன்.

"சொன்னதைச் செய் வசீத்தி. இல்லேன்னா டிஸ்க் அலமாரிச் சாவியைக் குடுத்துட்டுப் போ. நகல் எடுக்கத் தெரிஞ்ச ஆள் ஊர்ல நிறைய இருக்கான்."

சாவியைக் கொடுக்கவில்லை. அவர் கொண்டுவந்த டிஸ்கையும் எங்கள் டிஸ்கையும் கணினியில் செருகி, உட்கார்ந்து கட்டளையை அடித்தேன். என் தோளுக்கு மேல் அவர் தலை. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். நானும் சமிக்ஞை அனுப்பினேன். எழுபது. நூறு. நூற்று முப்பது. எண் ஏற ஏற அவர் முகம் தெளிந்தது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இருநூற்றைம்பதில் நின்றது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு வரி: டிஸ்கில் இனி இடமில்லை.

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இடமில்லைங்குது? ஐநூறு ஜிபி இது. நேத்துதான் புதுசா வாங்கினேன்."

"நிரம்பிருச்சுன்னா அப்படித்தான் சொல்லும் சார். முழுசா முடிஞ்சிருச்சு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் ஒரு தாளை எடுத்து, 'டிஸ்க் முழுவதும் நகலெடுக்கப்பட்டது' என்று தன் கையாலேயே எழுதி நீட்டினார். நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் மாட்டுவது நானாக இருக்க வேண்டுமே. தேதி போட்டு, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டேன்.

"விநாக்கா, வசீத்தி," என்று நன்றி சொல்லித் தன் டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

எதிலிருந்து எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. திரையில் வந்த வரியும் அதைச் சொல்லாது. எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும்.

இரண்டு டிஸ்கையும் இடம் மாற்றி அடித்துவிடுவது, எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழும் தவறு. நான் அதை நிதானமாக, எழுத்தெழுத்தாக, அவர் கண் முன்னாலேயே செய்தேன். அவருடைய புத்தம்புது வெற்று டிஸ்கை எங்கள் இருநூற்றைம்பது ஜிபி டிஸ்கின் மேல் நகலெடுத்தேன், அதிலிருந்ததெல்லாம் அழிந்து இடம் தீரும்வரை.

இருபத்தாறு வீடும் எங்கள் வேன் ஓட்டும் லித்தியாவுக்கு மனப்பாடம். எனக்கும்தான்.

ராத்திரி அவர் அந்த டிஸ்கைத் திறந்து பார்ப்பார். காலையில் என் வேலை போகும். போகட்டும்.

மிலிகா எங்கே என்று இனி எங்களிடம்தான் கேட்க வேண்டும். வந்து கேட்கட்டும்.