ஆசையின் அகலம்

மெய்யம்மையின் ஆசைக்கு விலை நாலாயிரம் ரூபாய் என்று, அவள் நாடியை அளந்து சொன்னது காரைக்குடி ஜவுளிக்கடையின் கணினித் திரை. தங்கை கல்யாணத்துக்கு அந்த மயில்கழுத்துச் சேலையை எடுத்தே தீரவேண்டும், கையிலோ மூவாயிரம்தான்.

"சேலையைப் பாத்ததும் நாடி அலை செங்குத்தா ஏறிருச்சே ஆச்சி! உச்சத்தைப் பாருங்க" என்றார் முதலாளி வெள்ளையப்பன்.

"உச்சம் கெடக்கட்டும்ணே, அகலத்தைப் பாருங்க. ஊசி மாதிரி ரெண்டே நொடியில இறங்கிருச்சு. இந்த ஆசைக்கு முழு விலையா?"

முதலாளி விலையைப் பாதியாக்கினார். மெய்யம்மைக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் அலை எழும்பி, இறங்காமல் மேடைகட்டி நின்றது.

"பேரத்துல ஜெயிச்ச குஷிக்கு ஆயிரம் ஏறிருச்சு. கொஞ்சம் கவலைப்படுங்க ஆச்சி, குறையும்."

கவலைப்படத்தான் பார்த்தாள்; சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சேலை இரண்டாயிரம், குஷி ஆயிரம், சிரிப்பு ஐம்பது. கொடுத்தது மூவாயிரம். பாக்கி ஐம்பது.