கொக்கு நடத்திய ஊசி முகாம்

கழுதைகள் ஊசி போட வராததற்குக் கொக்கு சொல்லும் காரணத்தை ஆமை பல வருடங்களாகவே முழுசாக நம்பவில்லை. மழைக்காலக் காய்ச்சல் வருமுன் ஏரிக்கரையில் இலவசமாக ஊசி போடுவது கொக்குதான். குதிரைகளும் பசுக்களும் வந்து போட்டுக்கொள்ளும். செங்கல் சூளைக் கழுதைகள் மட்டும் வராது. ஒவ்வொரு மழைக்கும் அவற்றில் இரண்டு மூன்று இருமியே செத்துப்போகும்.

"அதுங்களுக்கு ஊசின்னா பயம், ஆமையாரே. விவரம் பத்தாது," என்று இந்த வருடமும் சொல்லிவிட்டு, மத்தியானமே ஊசிப் பெட்டியை மூடியது கொக்கு.

"முதுகு கொள்ளாம கல் சுமந்து, சவுக்கடியும் வாங்குறதுங்க. இந்த ஊசிக்கா பயப்படும்? ஒருநாள் வேலைக்குப் போகலேன்னா அன்னிக்குப் புல்லு கிடையாதுய்யா."

கொக்கு பறக்க இறக்கையை விரித்தது. ஆமை பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டது:

"சூளையில வேலை முடியுற நேரம் வரைக்கும் நீர் ஒருநாளாவது இங்கே இருந்திருக்கீரா?"