புள்ளி பத்தாது

"இன்னும் கொஞ்சம் புள்ளி போடுங்க தம்பி. இது பத்தாது."

இளம்பரிதிக்குத் தலை சுற்றியது. ரெட்டியார்பாளையத்தில் அவன் ஸ்டூடியோ திறந்த நாளிலிருந்து, முகத்தில் உள்ள புள்ளியை எடுக்கச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் பழைய ஃபிலிம் போட்டோ மாதிரி பொடிப்புள்ளி தூவித் தருவதாக அவன் போர்டு வைத்ததே கல்யாண ஜோடிகளுக்காகத்தான். அதைப் படித்துவிட்டு வந்து நின்றவரோ, தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டும் அக்பர் அலி.

புள்ளியைக் கூட்டி மறுபடி பிரின்ட் போட்டுக் கொடுத்தான். அவர் சட்டை நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டு, படத்தில் இருந்த தன் மூக்கையும் தாடியையும் தடவினார். உதட்டைப் பிதுக்கினார்.

"வழவழன்னு இருக்கே."

"மேட் பேப்பர்ல போடவா பாய்?"

"அதுல புள்ளி நல்லா வருமா?"

"பாய், இதுக்கு மேல போட்டா மூஞ்சியே தெரியாது. மணல்ல பொரட்டி எடுத்த மாதிரி ஆயிடும்."

"மணலு மாதிரியே இருக்கட்டும். அதான் வேணும்."

"யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"எம் பொண்ணு சுரையாவுக்கு. நாளைக்கு மெட்ராஸ் காலேஜுக்குப் போறா. என்னை விட்டுப் பிரிஞ்சதே இல்ல."

"அப்ப தெளிவா இருக்கற படத்தக் குடுங்களேன்!"

"தெளிவா இருந்தா அவளுக்கு எப்படித் தெரியும்?"

ஒன்றும் புரியவில்லை. கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று, புள்ளியை முழுசாக ஏற்றி, மேட் பேப்பரில் போட்டான். அக்பர் அலியின் முகம் புழுதிக்காற்றில் நின்றவர் முகம்போல வந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தடவினார். முகம் வாடிப்போனது.

"இரும்பப் புடிச்சிப் புடிச்சி என் விரலு மரத்துப்போச்சோ என்னவோ. நீங்க தடவிப் பாருங்க தம்பி, புள்ளி தட்டுப்படுதா?"

"தடவினா எப்படி பாய் தெரியும்? கண்ணால பாக்கறதுதானே போட்டோ?"

அக்பர் அலி படத்தை மெல்ல மேசையில் வைத்தார்.

"எம் பொண்ணுக்குப் பார்வை கெடையாது தம்பி. அவ பாடப் புஸ்தகம் பூரா புள்ளிதான், மேடு மேடா இருக்கும். விரலை வெச்சே கடகடன்னு படிச்சிடுவா. உங்க போர்டப் பாத்ததும், போற எடத்துல அத்தா மூஞ்சியையும் அப்படியே பாத்துக்குவாளேன்னு ஓடியாந்தேன்."