அவர் என்றால்

மிக்ஸியின் வாரண்டி கார்டைத் தேடப் போனவன் கையில் அந்த நோட்டு சிக்கியது.

பீரோவின் கீழ்த்தட்டு. புடவைகளுக்கு அடியில். மனைவியின் கையெழுத்து.

அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்புதான். ஆனால் முதல் வரியிலேயே அவன் இருந்தான்.

'இன்று அவரோடு மூன்று மணி நேரம். பொழுது போனதே தெரியவில்லை.'

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

எந்த மூன்று மணி நேரம்? போன வாரம் கண் ஆஸ்பத்திரி வரிசையில் காத்துக் கிடந்தார்களே, அதுவா? அதையா இவள் இப்படி எழுதி வைத்திருக்கிறாள்?

அம்சவேணி ஒரு நாளும் அவன் பெயரைச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டாலும், தங்கையிடம் போனில் பேசினாலும், அவரு தூங்குறாரு, அவரு சாப்பிட்டாரு. இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் 'அவர்' என்றால் ஒரே ஆள்தான்.

'அவருக்கு மட்டும் எப்படி என் மனசு தெரிகிறது?'

மீசையைத் தடவிக்கொண்டான்.

'அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒரே வரியில் அழ வைத்துவிடுகிறார்.'

இது கொஞ்சம் இடித்தது. அழ வைத்ததுண்டு. ஒரே வரியில் நிறுத்தியதாக ஞாபகம் இல்லை.

பக்கத்தைத் திருப்பினான்.

'அவருடைய மூன்றாவது நாவலைத் தொடங்கிவிட்டேன். கனடாவில் இருந்துகொண்டு எனக்காகவே எழுதுகிறார்.'

அவன் பெங்களூரைத் தாண்டியதில்லை.

முகம் சூடானது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் சுற்றிலும் பார்த்தான்.

புத்தகங்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவள் தலையணைப் பக்கத்திலேயே இருந்தன. தினமும் பார்க்கிறதுதான். மூன்று தமிழ் மொழிபெயர்ப்புகள். நூலக முத்திரை. அட்டையில் பனி. நாவலாசிரியர் பெயர், வின் ஹாலரன்.

வின்னாம். ஜெயிக்கப் பிறந்தவன். பெயரே சரியில்லை.

ஆறடி உயரம் இருப்பான். தாடி வைத்திருப்பான். நாய் வளர்ப்பான். பெண்டாட்டி பேசும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பான். பக்கத்து ஊர்க்காரனாக இருந்தால் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். கனடாவுக்கு எந்த பஸ் ஏறுவது?

வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது.

ஆளைப் பார்த்துவிடலாம் என்று புத்தகத்தைத் திருப்பினான்.

பின்னட்டையில் ஒரு கிழவி.

எழுபது வயதுக்குக் குறையாது. கம்பளிச் சட்டை, தடித்த கண்ணாடி, கலைந்த நரைமுடி. கீழே அதே பெயர்.

அம்சவேணி வாயால் சொல்லியிருந்தால் 'அவங்க' என்றிருப்பாள், அப்போதே விளங்கியிருக்கும். எழுத்தில் ஆணும் பெண்ணும் 'அவர்'தான்.

அவன் சிரித்தான். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தான்.

சிரிப்பு நின்ற பிறகும் வயிற்றெரிச்சல் அப்படியே இருந்தது.

அப்படி என்னதான் எழுதிக் கிழித்துவிட்டாள்? அம்சவேணி அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தான்.

பனி மூடிய ஊர். ஒரு பெண், ஒரு புருஷன். அவள் காலையில் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டித் தெருவைப் பார்க்கிறாள். தெருவில் யாரும் இல்லை. திரும்பி அவனிடம் எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறான்.

அவ்வளவுதான். அத்தியாயம் முடிந்துவிட்டது.

எதிர்ச் சுவரில் டிவி இருந்தது. ரிமோட், கட்டிலில் அவன் படுக்கிற பக்கம்.

கனடாவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கிழவி சேலத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். எட்டிப் பார்த்ததோடு நிற்காமல் அம்சவேணியின் பக்கம் போய் உட்கார்ந்தும்விட்டாள். தாடிக்காரனாக இருந்தால் சண்டையாவது போடலாம். இவளை என்ன செய்வது?

நோட்டை மறுபடி எடுத்தான். இந்தத் தடவை தன்னைத் தேடினான்.

அவர், அவர், அவர். எல்லா அவரும் அவள்தான்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது.

'இத்தனை நாளாகப் படிக்கிறேன். என்ன படிக்கிறாய் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.'

பிள்ளைகள் இல்லாத வீடு. இருப்பது இரண்டு பேர்.

அந்த 'யாரும்' மேல் விரலை வைத்தான்.

கதவு திறந்தது. அம்சவேணி காய்கறிப் பையோடு வந்து நின்றாள். அவன் மடியில் கிடந்த நோட்டைப் பார்த்தாள். கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

அவன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான்.

"இதுல என்ன கதை, வேணி?"

அவள் பையைக் கீழே வைத்தாள். நோட்டை எடுத்து மூடினாள். புத்தகத்தை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா ஒரு கதை. இருங்க, டீ போட்டுட்டு வரேன்."

சமையலறைக்குப் போகும்போது புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று டீ வர ரொம்ப நேரமானது.