ஆர்வில் நடக்கவிட்ட மூவர்

பேஸ்பாலில் நான்கு பந்துகளைத் தாறுமாறாக எறிந்தால், எதிராளி அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்துபோகலாம். சொந்த ஊர் மைதானத்தில் பன்னிரண்டு ஞாயிறு ஆட்டங்களில் பந்தெறியும் ஆர்வில் அப்படி நடக்கவிட்டது மூன்றே பேரை. ஆட்டக் கணக்கெழுதிய அவன் மனைவி ஹெஸ்டருக்கு உறுத்தியது. வீட்டில் ஆணியைப் பார்த்துத் தொப்பியை எறிந்தால் அது சூப்பில் விழும்.

"எறியில என்ன கட்டுப்பாடு!" என்று சிகாகோ அணிக்காரர் ஒப்பந்தத்தோடு ஆர்விலை ஓரமாக அழைத்துப் போனார்.

பையோடு ஓடிய எதிரணித் தலைவனை ஹெஸ்டர் மறித்தாள். "தலைக்கு மேல போன பந்தையெல்லாம் எதுக்குங்க அடிச்சீங்க?"

"நின்னு நின்னு நடந்தா ஆட்டம் எப்பம்மா முடியும்? அஞ்சு மணி ரயிலை விட்டா, உங்க ஊருல அடுத்தது நாளைக்குத்தானே!"

ஆர்வில் துள்ளி வந்தான். "கையெழுத்துப் போட்டாச்சுடி! சிகாகோவுல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ரயிலாம்!"