மயங்காமல் இருக்க

“உங்ககிட்ட எடுக்க மாட்டேன் தம்பி. எழுந்திரிங்க,” என்றார் ரத்த வங்கி நர்ஸ்.

கொத்தனார் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவன் அக்காவை நேற்று பஸ் இடித்துவிட்டது. மாடியில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. லேசில் கிடைக்காத குரூப். இருந்த இரண்டு பையும் ஏறிவிட்டது. அவசரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அதே குரூப் ஆள் இவன் ஒருவன்தான்.

ஆனால் நர்ஸுக்கு இவன் ஜாதகமே அத்துப்படி. போன வருஷம் இதே அறையில் பாதிப் பை நிறைவதற்குள் கண் செருகி, எழுந்து ஓடப் பார்த்து, விழுந்து தாடையில் நாலு தையல் வாங்கிய ஆசாமி. யார் சாய்வார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் நர்ஸ். இருபது வருஷத்தில் அவர் கணக்கு தப்பியது குறைவு.

“காலையில சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“தூங்கினீங்களா?”

“அக்கா இப்படிக் கிடக்கும்போது எங்க சிஸ்டர் தூங்குறது?”

“ஏற்கெனவே விழுந்த ஆளு. வெறும் வயிறு. தூக்கமும் இல்ல. இப்ப எடுத்தா நிச்சயமா விழுவீங்க. அப்புறம் உங்களுக்கும் ஒரு கட்டில் தேடணும்.”

“விழுந்தா விழுந்துட்டுப் போறேன். எடுங்க சிஸ்டர், கையெடுத்துக் கும்பிடுறேன்.”

கும்பிடு போட்டால் மயக்கம் வராதா என்ன? நர்ஸ் மசியவில்லை.

போன் அடித்தது. மாடியிலிருந்துதான். நர்ஸ் இரண்டு தடவை “ம்” கொட்டினார். “ஆமா டாக்டர், இங்கதான் இருக்காரு,” என்று வைத்தார். வைத்த பிறகும் போனிலிருந்து கையை எடுக்கவில்லை.

“சரி, கட்டில்ல படுங்க,” என்றார்.

கொத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸ் இரண்டு டம்ளர் தண்ணீரை அவன் குடித்து முடிக்கும்வரை விடவில்லை. கால்மாட்டில் தலையணைகளை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்தார். வார்டு ஆயாவைக் கூப்பிட்டுத் தலைப்பக்கம் நிற்கச் சொன்னார். ஊசித் தட்டு அலமாரியிலேயே இருந்தது.

“காலைக் குறுக்கப் போட்டுத் தொடையை இறுக்குங்க. அஞ்சு எண்ணிட்டு விடுங்க. மறுபடியும்.”

அவன் சொன்னபடி செய்தான். “நாலாவது மாடியில ஒத்தைப் பலகையில நிக்கிறவன் சிஸ்டர் நான். ஊசின்னாதான் ஆட்டம் கண்டுடுது. அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே தெருவைச் சிரிக்க வச்சுட்டா. இந்தத் தடவை அவ வாயை அடைக்கணும்.”

“இறுக்குங்க,” என்றார் நர்ஸ்.

கதவு திறந்தது. டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“பாருங்க டாக்டர், தெம்பா இருக்கேன். தலைசுத்தல் துளிகூட இல்ல,” என்ற கொத்தனார், நர்ஸிடம் கையை நீட்டினான். “போடுங்க சிஸ்டர்.”

நர்ஸ் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“உங்களப் படுக்க வச்சது ஊசிக்காக இல்ல தம்பி.”